புகையே வராத லாரிக்கு எதற்கு யூரியா?

சங்ககிரி பக்கம் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். "அண்ணா, நம்ம வண்டியில புகையே வர்றதில்லீங்க. அப்புறம் எதுக்குங்க இந்த யூரியாத் தண்ணி? டீசல் போடற செலவு பத்தாதுன்னு இதுக்கு வேற காசு போகுது."

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி எடுத்து வரச் சொன்னேன். அவருடையது பிஎஸ் 6 வண்டி, அதாவது நம் நாட்டுப் புகைக் கட்டுப்பாட்டு விதியான பாரத் ஸ்டேஜின் ஆறாம் கட்டத்துக்கு ஏற்பச் செய்தது. இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. சைலன்சர் குழாயின் வாய்க்குள் துணியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். லேசாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். பக்கத்தில் பதினைந்து வருடப் பழைய லாரி ஒன்று நின்றிருந்தது. துணியின் மறுபக்கத்தை அதன் குழாய்க்குள் விட்டார். விறகடுப்பில் ஏறிய சட்டியின் அடியைத் துடைத்த மாதிரி வந்தது. விரலில் ஒட்டிய கரி சோப்புப் போட்டும் முழுசாகப் போகவில்லை.

"இந்தக் கரியெல்லாம் உன் வண்டியில எங்கே போச்சு?" என்று கேட்டேன். அவர் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கரி எங்கே போகிறது என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவைப் பற்றியது. யூரியா அதற்காகத்தான். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

காற்றை நெருக்கினால் தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பத்து அடி அடித்ததும் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். டீசல் இன்ஜின் ஓடுவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய டாரஸ் லாரி வரை இது மாறவில்லை.

சாதாரண பெட்ரோல் வண்டியில் பெட்ரோலும் காற்றும் முதலிலேயே கலந்துவிடும், பிறகு பிளக் பொறி வைக்கும். டீசலில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, 16 மடங்கு, 18 மடங்கு என்று நெருக்குகிறார்கள். அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். சரியாக அந்த நேரத்தில் நாசில் டீசலைப் பீய்ச்சுகிறது. தானாகப் பற்றிக்கொள்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பீய்ச்சிய டீசல் காற்றோடு நன்றாகக் கலந்து எரிய வேண்டும். ஆனால் அதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை நெருக்கித் திணித்தால் புகைகிறது. ஊதுகுழலால் நாலு ஊது ஊதினால் புகை அடங்கித் தீ நிமிர்கிறது. சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் தாரையின் நடுப்பகுதி, திணித்து வைத்த விறகு மாதிரி. அங்கே எரிபொருள் அதிகம், காற்று கம்மி. பாதி எரிந்த கார்பன் கரித்துகளாக மிஞ்சுகிறது. கறுப்புப் புகை என்று நாம் சொல்வது இதைத்தான்.

தாரையின் ஓரத்தில் நிலைமை நேர்மாறு. காற்று தாராளமாக இருக்கிறது, தீ கொழுந்துவிட்டு எரிகிறது, சூடு 2000 டிகிரியைத் தாண்டுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது, சும்மா வந்து சும்மா போகும். ஆனால் 1500 டிகிரிக்கு மேலே போய்விட்டால் அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக நாக்ஸ் என்பார்கள்.

ஆக, ஒரே சிலிண்டர், ஒரே கணம். நடுவில் கரி, ஓரத்தில் நாக்ஸ்.

கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் கொஞ்சம் வரும். டீசலில் எப்போதும் தேவைக்கு மேல் காற்று இருப்பதால் அவை பெரிய தலைவலி இல்லை. கரியும் நாக்ஸும்தான் பெரிய தலைவலி.

இரண்டும் என்ன செய்யும்? நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். டீசல் கரித்துகள்களில் பெரும்பாலானவை அரை மைக்ரான்கூட இருக்காது. மூக்கு முடியில் தங்காது, தொண்டையில் தங்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. நாக்ஸ் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாக்காரர்களை வாட்டும். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

இதையெல்லாம் அதிகம் சுவாசிப்பது ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர் இல்லை. டோல்கேட்டில் நிற்கிறவர், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர், புறவழிச்சாலை ஓரத்தில் இளநீர் விற்கும் அம்மா, லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் மெக்கானிக், அப்புறம் அதே கேபினில் தூங்கும் டிரைவர். என் அப்பா அப்படித் தூங்கியவர். அவருடைய இருமலோடுதான் எங்கள் வீட்டில் விடியும். அதனால்தான் இந்த விஷயத்தை என்னால் வெறும் இன்ஜினியரிங்காகப் பார்க்க முடியவில்லை.

ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும்

பழைய மெக்கானிக்குகளுக்கு டைமிங் என்றால் தெரியும். டீசலைக் கொஞ்சம் முன்கூட்டியே பீய்ச்ச வைத்தால் சூடு ஏறும், கரி குறையும், மைலேஜும் கிடைக்கும். ஆனால் நாக்ஸ் ஏறிவிடும். சரி என்று தாமதமாகப் பீய்ச்சினால் சூடு தணியும், நாக்ஸ் குறையும். ஆனால் கரி கூடும், வண்டியின் இழுவை போகும், டீசல் அதிகம் குடிக்கும்.

இந்த இழுபறியைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். கரிக்கு மருந்து சூடு. நாக்ஸுக்கு மருந்து குளிர்ச்சி. இன்ஜினுக்குள் மட்டும் கைவைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழிக்க முடியாது. அதனால்தான் இன்றைய லாரியில் இன்ஜினுக்கு முன்னால் கொஞ்சம், உள்ளே கொஞ்சம், பின்னால் நிறைய என்று மூன்று இடத்திலும் வேலை நடக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாக்ஸில் பெரும்பங்கான நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. கண்ணை மட்டும் நம்பி மாசை அளந்தால் பாதியைத் தவறவிடுவோம். சுத்தமாக எரியும் டீசல் இன்ஜினில் புகை தெரியாது, ஆனால் நாக்ஸ் நிறைய இருக்கும். அந்தத் தம்பியின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்.

முதலில் டீசல் திருந்த வேண்டியிருந்தது

கச்சா எண்ணெயிலேயே கந்தகம் இருக்கிறது. அது டீசலில் தங்கினால் எரியும்போது சல்பேட்டாக மாறித் துகளோடு துகளாக வெளியே வரும். அதைவிட மோசம், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியின் (தான் தீராமல் வாயுக்களை மாற்றிவிடும் பொருள்) மேல் படிந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். கந்தகம் நிறைந்த டீசலை ஊற்றிக்கொண்டு, பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியை மாட்டினாலும் வீண்தான்.

அதனால் சுத்திகரிப்பு ஆலையிலேயே, ஹைட்ரஜனைக் கொடுத்து உயர் அழுத்தத்தில் கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பிஎஸ் 2 காலத்து டீசல் ஒரு டன்னில் அரைக் கிலோ கந்தகம் வரை இருக்கலாம் என்று விதி. பிஎஸ் 3-ல் அது 350 கிராம். பிஎஸ் 4-ல் 50 கிராம். பிஎஸ் 6-ல் வெறும் 10 கிராம். ஒரு டன்னுக்குப் பத்தே கிராம்! பிஎஸ் 5-ஐத் தாண்டி நேரே 6-க்குப் போவது என்று 2016 ஜனவரியில் முடிவெடுத்து, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அந்த டீசல்தான் விற்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இந்த டீசலால் பழைய வண்டியின் புகையும் கொஞ்சம் குறைகிறது, அந்த வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல்.

இன்ஜினுக்குள்

பழைய பம்ப், நாசில் வண்டிகளில் டீசல் பீய்ச்சும் அழுத்தம், பார் என்ற அலகில் சொன்னால், சில நூறுதான். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் அமைப்பில் அது 1600 பாருக்கு மேலே போகிறது, 2000-ஐத் தாண்டுவதும் உண்டு. லாரி டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் எட்டு பார் சொச்சம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் வெளியே வரும் டீசல் துளியாக இல்லை, பனிமூட்டம் மாதிரி வருகிறது. துளி சிறிதானால் காற்றோடு நன்றாகக் கலக்கும், கரி குறையும். ஒரே தடவையில் கொட்டாமல், முதலில் துளியூண்டு, பிறகு மீதி என்று பிரித்துப் பீய்ச்சவும் கம்ப்யூட்டரால் முடியும். பிஎஸ் 6 வண்டியின் சத்தம் பழைய வண்டியைப் போலக் 'கடகட' என்று இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

டர்போ என்பது ஊதுகுழல். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, கூடுதல் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்றை இன்டர்கூலர் குளிரவைத்து அனுப்புகிறது.

அடுத்தது ஈஜிஆர். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள்ளேயே விடுவது. கேட்டால் விநோதமாக இருக்கும், அழுக்குக் காற்றை எதற்குத் திருப்பி உள்ளே விட வேண்டும்? சாம்பல் மூடிய தணலை நினைத்துப் பாருங்கள். அது நின்று எரியும், ஆனால் கொதித்து எரியாது. ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயுவில் ஆக்சிஜன் குறைவு. அது உள்ளே வந்தால் தீயின் உச்சச் சூடு தணிகிறது, நாக்ஸ் குறைகிறது. விலை என்ன? கரி கூடுகிறது. மறுபடி அதே இழுபறி. ஈஜிஆர் வால்வைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கைக் கேளுங்கள், தார் மாதிரி அப்பியிருக்கும் என்பார்.

சைலன்சர் இருந்த இடத்தில்

பிஎஸ் 6 லாரியின் பக்கவாட்டில் ஒரு பெரிய டப்பா மாதிரி இருக்கிறதே, அதைச் சைலன்சர் என்றே இன்னும் பலர் சொல்கிறார்கள். உள்ளே வரிசையாகப் பல அறைகள் இருக்கின்றன.

பெட்ரோல் காரில் ஒரே வினையூக்கி மூன்று வாயுக்களையும் சுத்தம் செய்துவிடும். அதையே இங்கேயும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். டீசல் புகையில் ஆக்சிஜன் மிச்சம் நிறைய இருக்கிறது. ஆக்சிஜன் சுற்றி இருக்கும்போது நாக்ஸிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவது அந்த வினையூக்கியால் ஆகாது. அதனால் டீசலில் ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை.

முதல் அறையில் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூடு. மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் இது எரித்து முடிக்கிறது. கூடவே நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றி விடுகிறது. அது எதற்கு என்று அடுத்த அறையில் தெரியும்.

இரண்டாவது அறையில்தான் கரி சிக்குகிறது. டிபிஎஃப் என்பார்கள், கரி வடிகட்டி. பீங்கான் மாதிரியான பொருளில் செய்த தேன்கூடு, நூற்றுக்கணக்கில் நீளமான சதுரக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் அடைத்திருக்கும். அதற்குப் பக்கத்துக் குழாய் நேர்மாறு. உள்ளே வந்த புகைக்கு நேராகப் போக வழியில்லை. சுவரைத் துளைத்துக்கொண்டுதான் பக்கத்துக் குழாய்க்குப் போயாக வேண்டும். புது மண்பானையில் தண்ணீர் வைத்தால் சுவர் வழியாகக் கசிந்து வெளியே ஈரம் பூக்குமே, அப்படி. வாயு கசிந்து போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும். வெள்ளைத் துணியில் கறுப்பு வராததற்குக் காரணம் இதுதான்.

தங்கிய கரி சேர்ந்துகொண்டே போனால் அடைத்துக்கொள்ளுமே? அதை அங்கேயே எரித்துவிட வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஓடும் வண்டியில் புகையின் சூடு 300 டிகிரிக்கு வரும். முதல் அறையில் உருவான நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தச் சூட்டில் கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். டிரைவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஊருக்குள்ளேயே சுற்றும் தண்ணீர் லாரி, குப்பை வண்டி, ஸ்கூல் பஸ்? அவற்றில் புகை அந்தச் சூட்டை எட்டுவதே அபூர்வம். அப்போது வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அனுப்பி, முதல் அறையில் எரிய வைத்து, 550 முதல் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியை எரித்துவிடும். ரீஜெனரேஷன் என்று மீட்டரில் விளக்கு எரிவது இதற்குத்தான். தானாக முடியாவிட்டால், வண்டியை ஓரம் கட்டிப் பட்டனை அழுத்தச் சொல்லும்.

அந்த நேரத்தில் அவசரப்பட்டு இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள். பாதியில் விட்டால் கரி எரியாமல் தங்கும், கூடுதலாக விட்ட டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கும் வாய்ப்பும் உண்டு. இதைவிட முக்கியம், வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. காய்ந்த புல் மேலே, வைக்கோல் போர் பக்கத்தில், சோளத்தட்டு கிடக்கும் இடத்தில் நிறுத்தவே கூடாது. குழாய் வாயிலிருந்து வருவது வெறும் சூடான காற்று இல்லை, பற்ற வைக்கக்கூடிய சூடு.

கரி எரிந்துவிடும். ஆனால் இன்ஜின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மங்கள் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். அதனால்தான் பிஎஸ் 6 வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். லிட்டருக்கு நாலு காசு குறைகிறதே என்று பழைய வகை ஆயிலை ஊற்றினால், வடிகட்டி சீக்கிரமே சுத்தம் செய்யவோ மாற்றவோ வந்துவிடும். அந்தச் செலவு பல பேரல் ஆயிலின் விலை.

மூன்றாவது அறைதான் யூரியா அறை.

மாட்டுக்கொட்டகையில் விடிகாலையில் நுழைந்தால் மூக்கில் ஏறும் நெடி தெரியும் இல்லையா? அது அம்மோனியா, மூத்திரத்தில் இருக்கும் யூரியா சிதைந்து வருவது. அதே வேலை இங்கே சூட்டினால் நடக்கிறது. 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்தமான தண்ணீரும் சேர்ந்த திரவத்தைச் சூடான புகைக்குள் தெளிக்கிறார்கள். பங்க்கில் டெஃப் என்றும் ஆட்புளூ என்றும் விற்பது இதுதான். யூரியா உடைந்து அம்மோனியாவாகிறது. வினையூக்கியின் மேல் அம்மோனியாவும் நாக்ஸும் சந்திக்கின்றன. நாக்ஸ் தன் ஆக்சிஜனை விட்டுவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது சாதாரண நைட்ரஜனும் நீராவியும். எந்தக் காற்றிலிருந்து வந்ததோ அதே காற்றாகவே திரும்பிப் போகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் அதை விட்டுவிட்டு நாக்ஸை மட்டும் தேடிப் பிடிக்கும் அம்மோனியாவின் குணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். மிச்ச அம்மோனியா தப்பி வெளியே வந்துவிடாமல் பிடிக்கக் கடைசியில் இன்னொரு சின்ன வினையூக்கி.

யூரியா டீசலில் கலப்பதில்லை என்பதைப் புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் தனி டேங்க், நீல மூடி. 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 6 லிட்டர் வரை செலவாகும். யூரியா டேங்கில் டீசலோ, டீசல் டேங்கில் யூரியாவோ போய்விட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன? செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 2015 முதல் நம் நாட்டில் விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதில் மற்ற உப்புகளும் இருக்கும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்தால் நாசில் அடைக்கும், வினையூக்கி கெட்டுப்போகும். தவிர, அது விவசாயிக்கு மானியத்தில் கொடுக்கும் உரம்.

நம் ஊர் வெயிலும் இதற்கு எதிரி. நல்ல டெஃப் 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும். 30 டிகிரியில் ஒரு வருடம். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். கேனை வெயிலில், கேபின் கூரை மேலே கட்டி வைக்காமல் நிழலில் வையுங்கள். நீல மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு இல்லை, காய்ந்த யூரியா. ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து போய்விடும். அதைத் துடைக்காமல் விட்டு டேங்குக்குள் தூசியோடு விழ விடாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்து என்ன சாதித்தது? கனரக வண்டிக்கு விதி, இன்ஜின் செய்யும் ஒரு யூனிட் வேலைக்கு இத்தனை கிராம் என்று போகும். ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. பிஎஸ் 4-ல் யூனிட்டுக்கு 3.5 கிராம் நாக்ஸ் வரை விடலாம். பிஎஸ் 6-ல் 0.46 கிராம். சோதனை முறையும் கடுமையானது. கரிக்கு எடையோடு நிற்காமல், எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. யூனிட்டுக்கு 60,000 கோடி துகள் வரை. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் வடிகட்டி இல்லாத இன்ஜினால் அதற்குக் கீழே வரவே முடியாது.

லாரி மட்டும் இல்லை. அடுக்குமாடிகளில் கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டருக்கும் 2023 ஜூலை 1 முதல் புதிய கடும் விதி வந்திருக்கிறது.

கட் பண்ணித் தருகிறேன் என்பவர்கள்

யூரியா தீர்ந்துவிட்டால் வண்டி முதலில் எச்சரிக்கும், அப்புறம் இழுவையைக் குறைக்கும், கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. இதனால் நடுவழியில் மாட்டிய டிரைவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. லோடு இறக்க வேண்டிய நேரம் போகும், வாடகையில் பிடிப்பார்கள். சென்சார் பழுதானாலும் இதே கதிதான். பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் இருக்காது. இந்தக் கஷ்டம் உண்மையானது. வண்டி விற்பவர்கள் சிறு ஊர்களிலும் இதைச் சரிசெய்ய ஆள் வைத்தே ஆக வேண்டும்.

அந்தக் கோபத்தில்தான் சிலர், யூரியாவைக் கட் பண்ணித் தருகிறேன் என்று வருகிறார்கள். ஒரு சின்ன எலக்ட்ரானிக் டப்பாவை மாட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. கரி வடிகட்டியை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு வெற்று டப்பாவை மாட்டுவது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பின்னால் யூரியா அறை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இந்த இன்ஜின்களில் டைமிங்கை மைலேஜுக்குச் சாதகமாக, சூடாக எரியும்படி வைத்திருக்கிறார்கள். அதாவது இன்ஜினிலிருந்து வரும் நாக்ஸ் நிறைய, அதைப் பின்னால் ஒழிக்கிறார்கள். யூரியாவை நிறுத்தினால் அத்தனையும் அப்படியே வெளியே வரும், விதி அனுமதிப்பதைப் போலப் பல மடங்கு. புகை மட்டும் தெரியாது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று ஓட்டுகிறவரும் நிம்மதியாக இருப்பார்.

பெரிய கம்பெனிகளே இந்த ஏமாற்றைச் செய்திருக்கின்றன. 2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, அளக்கும் கருவியைக் காரின் பின்னாலேயே கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் விதிக்குள் அடங்கிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள், நிஜச் சாலையில் கண்டபடி நாக்ஸ் விட்டன. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை இதை வெளியிட்டது. வரம்பைப் போல 40 மடங்கு வரை. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சாலையிலேயே அளக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் வேகம் பிடித்தது. இந்தியாவில் கார்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அது வந்தது.

நம் புகைச் சோதனை எதைப் பார்க்கிறது

புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் என்ன செய்கிறார்கள்? குழாயில் ஒரு கம்பியைச் செருகி, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்கிறார்கள். வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி பார்க்கிறது. பழைய வண்டிக்கு இது பயனுள்ள சோதனை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, நாசில் ஒழுகுகிறதா, பம்ப் அதிகமாகத் தள்ளுகிறதா என்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கையோ டர்போவையோ பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லை ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது.

ஆனால் அந்தக் கருவி நாக்ஸை அளப்பதில்லை. வடிகட்டியைக் குடைந்தெடுத்த புது வண்டியின் நுண்துகளையும் அது சரியாகப் பிடிக்காது. காமன் ரெயில் இன்ஜினின் கரி அவ்வளவு பொடி, வெளிச்சத்தை அதிகம் மறைக்காது. இந்தச் சிக்கல் ஐரோப்பாவிலும் இருந்தது. பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும், வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளுக்குத் துகளை எண்ணும் கருவியைச் சோதனை நிலையங்களில் கட்டாயமாக்கின. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது குழாயில் செருகினால் போதும், வடிகட்டி முழுசாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும் இடங்களில் அந்தக் கருவி ஒன்று வேண்டும். பக்கத்திலேயே நாக்ஸை அளக்க இன்னொன்று. காசு கொடுத்து யூரியா ஊற்றி, ரீஜெனரேஷன் முடியும் வரை வெயிலில் காத்திருந்து வண்டி ஓட்டுகிற அந்தத் தம்பிக்கும், கட் பண்ணிவிட்டு ஓட்டுகிறவருக்கும் இன்றைக்குக் கையில் கிடைப்பது ஒரே மாதிரிச் சான்றிதழ்தான்.